முன் சக்கரம் பக்கம் 'டிக் டிக்', 'ஊங்...': ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் எது போயிருக்குன்னு கண்டுபிடிப்பது எப்படி?

புதுச்சேரியில் மழை பிடித்துக்கொண்டால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்களுக்குத் தனி கெத்து. ரெயின்போ நகரில் ஸ்கூட்டர்கள் சைலன்சர் வரை தண்ணீரில் நிற்கும்போது, தாரும் வி-கிராஸும் ஜிம்னியும் அலை கிளப்பிக்கொண்டு போகும். அந்தக் கெத்துக்கான பில் அன்றைக்கே வராது. சில வாரங்கள் கழித்து, ஈசிஆரில் 60-ல் போகும்போது முன்பக்கம் 'ஊங்...' என்று மெல்லிசாக ஒரு சத்தம் தொடங்கும். பாட்டு வால்யூமைக் கொஞ்சம் கூட்டினால் கேட்காது. அதனால் பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பாட்டையும் மீறிச் சத்தம் கேட்கும்போதுதான் ஒர்க் ஷாப் படலம் ஆரம்பம். ஒருத்தர் "பேரிங் போயிடுச்சு சார்" என்பார். இன்னொருத்தர் "கிரவுன் சவுண்டுண்ணா, ஹவுசிங்கை இறக்கணும்" என்பார். மூன்றாமவர் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றச் சொல்வார். மூன்று பதிலுக்கும் இடையே பில் தொகை எங்கேயோ போய்விடும். மூன்றையும் மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்த கதைகள் உண்டு.

இந்த இடத்தில் ஒரு விஷயம் கைகொடுக்கும். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். இதை வண்டிக்காரரே அரை மணி நேரத்தில் கவனித்துக் குறித்துக்கொள்ளலாம்.

முன்பக்கம் என்னதான் இருக்கு?

தார், வி-கிராஸ், ஹைலக்ஸ், ஜிம்னி ஆகியவற்றின் ஃபோர் வீல் டிரைவ் மாடல்கள் 'பார்ட் டைம்' வகை. 2 எச்-சில் பின் சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். 4 எச் போட்டால், கியர் பாக்ஸை ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்பக்கத்துக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும். அது முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக முன் டிஃப்ரென்ஷியலுக்குப் போய், அங்கிருந்து இரண்டு ஆக்சில் ஷாஃப்ட்களாகப் பிரிந்து சக்கரத்தை அடைகிறது. 'ஆல் வீல் டிரைவ்' என்று விற்கப்படும் எஸ்யூவிகள் வேறு ரகம். அவற்றில் எப்போது, எவ்வளவு சக்தி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

இந்த வரிசையில் முன் சக்கரத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. அது சுழலவும் வேண்டும், அதே நேரத்தில் ஸ்டீயரிங்குக்குத் திரும்பவும் வேண்டும். இதைச் சாத்தியமாக்குவதுதான் சிவி ஜாயின்ட். எவ்வளவு கோணம் திரும்பினாலும் வேகம் ஏறி இறங்காமல், ஒரே சீராகச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு அது. புதுச்சேரிக்காரர்களுக்குப் பிடிக்கிற தகவல் ஒன்று: இந்த மூட்டின் ஆரம்ப வடிவங்களில் ஒன்றான 'டிராக்டா' ஜாயின்ட், 1926-ல் பிரான்சில் ழான் ஆல்பெர் கிரெகுவாரும் பியேர் ஃபெனாயும் உருவாக்கியது. இரண்டாம் உலகப் போர் ஜீப்புகள் சிலவற்றிலும் அது இருந்தது. இன்றைய வண்டிகளில் வருவது பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் கொண்ட வேறு வடிவம்.

முதல் கேள்வி: 2 எச்-சா, 4 எச்-சா?

முன்பக்க இணைப்பைத் துண்டிக்கும் வசதியுள்ள பார்ட் டைம் வண்டியில், 2 எச்-சில் ஓடும்போது முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சும்மா கிடக்கும். ஆனால் சக்கர பேரிங் சுழன்றுகொண்டேதான் இருக்கும். ஹப்பிலேயே துண்டிக்கும் வண்டி அல்லாத மற்றவற்றில் சிவி ஜாயின்ட்டும் கூடவே சுழலும். ஆகவே 2 எச்-சிலேயே சத்தம் வந்தால் முதல் சந்தேகம் சக்கரத்தின் பக்கம். 4 எச் போட்டால் மட்டும் வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃப்ரென்ஷியலின் பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் செயின் என்று தேடல் உள்ளே நகர்கிறது. இந்த ஒரு சோதனையே பாதிச் சந்தேகங்களைக் கழித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 4 எச் சோதனையைத் தார் ரோட்டில் செய்யக் கூடாது. ஆரோவில் பக்கம் போல செம்மண் பாதையிலோ மணலிலோ, நேராக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏன் என்பது கொஞ்சம் கீழே வருகிறது.

சத்தத்தைப் படிப்பது

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துத் திரும்பும்போது 'டிக் டிக் டிக்' என்று வந்தால், அது வெளிப்பக்க சிவி ஜாயின்ட். குனிந்து சக்கரத்தின் உள்பக்கம் பாருங்கள். ரிம்மிலும் சஸ்பென்ஷனிலும் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். பூட் கிழிந்த புதிதில் பார்த்துவிட்டால், சுத்தம் செய்து, புது கிரீஸ் வைத்து, பூட்டை மட்டும் மாற்றினால் போதும். சத்தம் வரும் வரை விட்டால், மணல் உள்ளே புகுந்து குண்டுகளின் பாதையை அரித்திருக்கும். அப்புறம் ஜாயின்ட்டையே மாற்றணும். பீச் மணலில் அடிக்கடி இறங்கும் வண்டியில் இது சீக்கிரம் நடக்கும். லிஃப்ட் கிட் போட்டு உயர்த்திய வண்டியில் இன்னும் சீக்கிரம், ஏனெனில் அதில் நேராகப் போகும்போதே ஜாயின்ட் அதிகக் கோணத்தில் வேலை செய்கிறது. ஜிம்னியில் மட்டும் இந்தப் பூட்டைத் தேட வேண்டாம். அதன் முன்பக்கம் ஒரே தண்டான ஆக்சில், மூட்டு உள்ளே மறைந்திருக்கும்.

வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஊங்' சத்தம்தான் அதிகம் குழப்புவது. டயரா, பேரிங்கா? காங்கிரீட் ரோட்டிலிருந்து தாருக்கு மாறும்போது சத்தமும் மாறினால் பெரும்பாலும் டயர். மட் டயர் போட்டவர்கள் பேரிங் மீது பழி போடுவதற்கு முன் முன் டயரைப் பின்னால் மாற்றிப் பார்க்கலாம். சத்தமும் பின்னால் போனால் விஷயம் முடிந்தது. ரோடு மாறியும் சத்தம் மாறவில்லை என்றால், ஆளில்லாத ரோட்டில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை வலப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். பிறகு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தால், போன பேரிங்கின் கரகரப்பு விரலிலேயே தெரியும். இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் மட்டும் யாரும் போக வேண்டாம்.

டிஃப்ரென்ஷியல் சத்தம் வேறு மாதிரி. அது பாரத்தைப் பொறுத்து மாறும். ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஊளையிடும், காலை எடுத்தால் அடங்கும். அல்லது நேர்மாறாக, காலை எடுத்தால் மட்டும் வரும். பேரிங் இப்படிக் காலுக்குக் கட்டுப்படாது. மற்ற இரண்டும் எளிது. கியரை ரிவர்ஸிலிருந்து முன்னுக்கு மாற்றும்போது ஒரே ஒரு 'டங்' வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். மெதுவாகப் போகும்போது குருவி மாதிரி 'கீச் கீச்' என்றால் அந்தக் கிராஸுக்குள் கிரீஸ் வறண்டிருக்கிறது. முன் ஷாஃப்ட்டா, பின் ஷாஃப்ட்டா என்பதற்கும் அதே 2 எச் - 4 எச் கேள்விதான்.

4 எச் போடும் நொடியில் 'கறகற' என்று பல் உரசினால், உடனே டிரான்ஸ்ஃபர் கேஸைச் சந்தேகிக்க வேண்டாம். பல வண்டிகளில் முன் ஆக்சிலையோ ஹப்பையோ இணைப்பது ஒரு சின்ன மோட்டார் அல்லது காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய். கடற்காற்று மின் கனெக்டரை அரித்திருந்தாலும், குழாய் வெடித்திருந்தாலும் பற்கள் அரைகுறையாகத்தான் கோக்கும். சின்னக் குழாய் கோளாறுக்குப் பெரிய பெட்டியைக் கழற்றுவது இங்கேதான் நடக்கிறது.

இதையெல்லாம் வாயால் விளக்குவதைவிட, பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, ஸ்பீடோமீட்டரும் சத்தமும் சேர்ந்து பதிவாகும்படி போனில் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. ஒர்க் ஷாப் வாசலில் வந்து நின்றதும் சத்தம் காணாமல் போவது எல்லா வண்டிக்கும் உள்ள குணம்.

மழையில் 4 எச் போட்டால் சேஃப் தானே?

இல்லை. ஒயிட் டவுன் பக்கம் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி இருக்கும், முனைக்கு முனை செங்கோணத் திருப்பம். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ஆனால் பார்ட் டைம் வண்டியில் 4 எச் போட்டதும் முன், பின் ஷாஃப்ட்கள் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். சேறு என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோடு டயரை விடாது, லேசாக நனைந்திருந்தாலும். அந்த முறுக்கம் முழுக்க செயினிலும் கிராஸிலும் சிவி ஜாயின்ட்டிலும் ஏறும்.

ஸ்டீயரிங் கனமாவது, திருப்பத்தில் வண்டி தத்தித் தத்திப் போவது, லீவர் 4 எச்-சிலிருந்து வெளியே வர மறுப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். லீவரை உதைக்காமல், நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கம் கழன்றுவிடும். இரண்டு டயர் மட்டும் புதுசு, இரண்டு தேய்ந்தது என்றால் நேர் ரோட்டில்கூட இதே முறுக்கம் வரும். ஆல் வீல் டிரைவ் எஸ்யூவிகளிலும் நாலு டயரின் தேய்மானம் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

வெள்ளத்தில் இறங்கிய வண்டி

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில், 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் மக்களை ராணுவம் படகு வைத்து மீட்டது. அப்படிப்பட்ட தண்ணீரில் ஓடிய வண்டியின் இன்ஜினைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள். டிஃப்ரென்ஷியலை யாரும் நினைப்பதில்லை.

ஓடிச் சூடான டிஃப்ரென்ஷியல் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ தண்ணீருக்குள் இருந்தாலோ, சீல் ஓரங்கள் வழியாகவோ அந்தக் குழாய் வழியாகவோ வெள்ளம் உள்ளே போகும். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறிவிடும். அந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது, துருப்பிடிக்கத்தான் வைக்கும். சத்தம் வருவதற்கு வாரங்கள் ஆவது இதனால்தான்.

முழங்கால் தண்ணீரில் ஓடிய வண்டிக்கு முன், பின் டிஃப்ரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றின் ஆயிலையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கூடவே நின்று பார்ப்பது இன்னும் நல்லது. ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றிய பிறகே கீழ் பிளக்கைத் திறக்கணும். மேல் பிளக் துருவில் இறுகிக் கழல மறுத்தால், உள்ளே இருந்த ஆயிலும் போய், புதுசும் ஊற்ற முடியாமல் வண்டி அங்கேயே நிற்கும். கீழ் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிற பசை ஒட்டியிருக்கும். அது சாதாரணத் தேய்மானம். நகத்துணுக்கு அளவில் இரும்புச் சில்லு வந்தால் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

எப்போது வண்டியை ஓட்டக் கூடாது?

சக்கரத்தில் கையால் உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தால், ஓட்டிக்கொண்டு ஒர்க் ஷாப்புக்குப் போக வேண்டாம். டோ செய்து கொண்டுபோங்கள். பேரிங் முழுசாக உடைந்தால் சக்கரமே நிலைகுலையும். சிவி ஆக்சில் உடைந்த வண்டியில் "அதைக் கழட்டிட்டு 2 எச்-ல ஓட்டிட்டுப் போங்க சார்" என்று ஒரு யோசனை வரும். பல வண்டிகளில் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த ஆக்சிலின் முனையும் அதன் நட்டும்தான். அது இல்லாமல் ஓட்டினால் பேரிங் பிரிந்துவிடும். முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுவது வேறு கதை. பெரும்பாலான பார்ட் டைம் வண்டிகள் அது இல்லாமல் 2 எச்-சில் வீடு வந்து சேரும்.

பிஒய் 01 நம்பர் செகண்ட் ஹேண்ட் ஜீப் தேடி சென்னையிலிருந்து வருபவர்கள், டிரையல் ஓட்டும்போது பாட்டை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, மதில் சுவர் ஓரமாக ஒருமுறை மெதுவாகப் போய்ப் பார்க்கலாம். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி நேராகக் காதுக்கே வரும்.