ஒற்றைக் கேமா, இரட்டைக் கேமா?

ஹோண்டா சிட்டியின் நான்காம் தலைமுறைக் காரில் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினின் தலையில் ஒரே ஒரு கேம் ஷாஃப்ட். திறன் 119 பிஎஸ். இந்தியாவில் 2020-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அதே 1.5 லிட்டர்தான். ஆனால் கேம் ஷாஃப்ட் இரண்டு. திறன் 121 பிஎஸ். டார்க் இரண்டுக்கும் 145 நியூட்டன் மீட்டர். ‘டபுள் கேம்னா பவர் டபுள்’ என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றமாக இருக்கும். 2 பிஎஸ்ஸுக்காகவா இவ்வளவு மெனக்கெட்டார்கள்?

கேம் ஷாஃப்டின் வேலை வால்வுகளைத் திறப்பது. தண்டின் மேல் முட்டை வடிவப் புடைப்புகள் இருக்கும். தண்டு சுழலும்போது புடைப்பின் மூக்கு வால்வைக் கீழே அழுத்தித் திறக்கும்; மூக்கு விலகியதும் ஸ்பிரிங் அதை மூடும். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது.

பழைய அம்பாசடர் என்ஜினில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கிலேயே இருந்தது. அங்கிருந்து நீண்ட தள்ளுகோல்கள் மேலே போய் வால்வுகளைத் திறந்தன. வேகம் கூடக் கூட இத்தனை இரும்பையும் ஆட்டி அசைக்க ஸ்பிரிங்கால் முடியாது. வால்வு சரியாக மூடாமல் மிதக்கத் தொடங்கிவிடும். கேம் ஷாஃப்டையே தலைக்கு மேலே ஏற்றிவிட்டால் தள்ளுகோலுக்கு வேலையில்லை. 1983-இல் வந்த மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் என்ஜின் அப்படிப்பட்ட ஒற்றைக் கேம் என்ஜின்தான்.

டாப்பெட் கவரைக் கழற்றிப் பார்த்தால் ஒற்றைக் கேமுக்கும் இரட்டைக் கேமுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சிலிண்டருக்கு நான்கு வால்வு உள்ள ஒற்றைக் கேம் என்ஜினில் பெரும்பாலும் நட்டநடுவே ஒரு தண்டு ஓடும். அதிலிருந்து ராக்கர் ஆர்ம்கள் இருபுறமும் நீண்டு வால்வுகளின் தலையில் உட்கார்ந்திருக்கும். இரட்டைக் கேமில் காற்று உள்ளே வரும் வால்வு வரிசைக்கு மேல் ஒரு தண்டு, புகை வெளியேறும் வரிசைக்கு மேல் இன்னொன்று. கேம் நேராகவோ சிறு நெம்பு வழியாகவோ வால்வை அழுத்தும். நடுவே காலியாகக் கிடக்கும் பள்ளத்தில் ஸ்பார்க் பிளக்குகள் நேர்குத்தாக இறங்கியிருக்கும்.

அந்தக் காலி இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. பிளக் எரியறையின் மையத்தில் இருந்தால் நெருப்பு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஆடும் பாகங்களின் எடை குறைவதால் என்ஜின் கூடுதல் சுற்றுகளைத் தாங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு தண்டுகளையும் தனித்தனியே முன்பின் நகர்த்தலாம் என்பது. ஐட்லிங்கில் காற்று வால்வைச் சற்றுத் தாமதித்துத் திறந்தால் என்ஜின் குலுங்காது; மிதமான வேகத்தில் முன்கூட்டியே திறந்தால் எரிந்த வாயுவில் கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கி, எரியறை வெப்பம் குறைந்து, நைட்ரஜன் ஆக்சைடு நச்சும் குறையும். ஒரே தண்டாக இருந்தால் காற்று வால்வின் நேரத்தை மாற்றும்போது புகை வால்வின் நேரமும் கூடவே நகர்ந்துவிடும்.

இரட்டைக் கேம் அமைப்பு பந்தயத்துக்காகப் பிறந்தது. 1912-இல் தியெப் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில், சிலிண்டருக்கு நான்கு வால்வும் இரட்டைக் கேமும் கொண்ட 7.6 லிட்டர் பெஜோ காரை ஓட்டி ஜார்ஜ் புவாயோ வென்றார். அவரிடம் தோற்ற ஃபியட்டின் என்ஜின் 14 லிட்டர். என்ஜின் எவ்வளவு பெரிது என்பதைவிட அது எவ்வளவு நன்றாக மூச்சு விடுகிறது என்பதே முக்கியம் என்று அன்று தெரிந்துபோனது.

ஆனால் கேமின் எண்ணிக்கையையும் வால்வின் எண்ணிக்கையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜாகுவாரின் புகழ்பெற்ற எக்ஸ்கே என்ஜின் இரட்டைக் கேம்தான்; சிலிண்டருக்கு வால்வு இரண்டே. ஹோண்டாவோ ஒற்றைக் கேமிலேயே சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்துப் பல ஆண்டு ஓட்டியது.

இரட்டைக் கேமுக்குச் செலவும் உண்டு. தலை அகலமாகும், எடை கூடும், செயின் நீளும், உராயும் இடங்கள் பெருகும். பல ஒற்றைக் கேம் என்ஜின்களில் ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் இருந்தால் மெக்கானிக் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்துவிடுவார். இரட்டைக் கேமில் சிலவற்றுக்கு அதற்காகத் தண்டுகளையே கழற்ற வேண்டியிருக்கும்.

சிட்டி கணக்குக்கும் இங்கே விடை இருக்கிறது. பழைய என்ஜின் அந்த 145 நியூட்டன் மீட்டரை 4,600 சுற்றில் தந்தது. புதியது 4,300 சுற்றிலேயே தருகிறது. திறன் பெரிதாகக் கூடவில்லை. உச்ச டார்க் கிடைக்கும் இடம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. இன்றைய புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஈடுகொடுக்கவும் இரட்டைக் கேமே வசதி. புதுக் கார் பார்ப்பவர் கேம் எத்தனை என்று கேட்பதைவிட, உச்ச டார்க் எத்தனை சுற்றில் வருகிறது என்று கேட்கலாம். ஒற்றைக் கேம் கார் வைத்திருப்பவர் அதை மாற்ற அவசரப்பட வேண்டாம்; அதில் டைமிங் பெல்ட் இருந்தால் மட்டும் குறித்த கிலோமீட்டரில் மாற்றிவிட வேண்டும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால், பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி, தலையையே இறக்க வேண்டிய செலவு வந்துவிடும்.