செம்மண் சேற்றிலும் பிடிக்கும் பிரேக்

பாறசாலையிலிருந்து வெள்ளறடை குருசுமலை அடிவாரம் வரை ரப்பர் தோட்டங்களுக்குள் புகுந்து போகும் ஒற்றையடிப் பாதைகள் மவுண்டன் பைக்குக்கென்றே அமைந்தவை போலிருக்கும். ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும். வெயில் மாதங்களில் இந்தப் பாதைகள் சைக்கிளிடம் அதிகம் கேட்பதில்லை. இடவப்பாதி மழை இறங்கியதும் நிலைமை மாறுகிறது. செம்புரை மண் கரைந்து சக்கரத்தோடு சுழல்கிறது. அதிலுள்ள பொடிக்கல் பிரேக் தட்டுக்கும் பேடுக்கும் நடுவே புகுந்து இரண்டையும் அரைக்கிறது. மாதக்கணக்கில் தாங்கிய பேடு சில வாரங்களிலேயே தகடு தெரியத் தேய்ந்துவிடும். அடுத்து ஐப்பசியில் துலா மழை. ஆண்டில் இரண்டு மழைக்காலம் பார்க்கும் இந்தக் கேரள-தமிழக எல்லைப் பகுதியில், டிஸ்க் பிரேக்கை மாற்ற வேண்டிய நாள் சீக்கிரமே வந்துவிடுகிறது.

அந்த நாளில் பெரும்பாலோர் கடையில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதைத்தான். அதற்கு முன்னால் தன் சைக்கிளையே குனிந்து பார்ப்பது நல்லது. முன் ஃபோர்க்கில், பேடுகளைத் தாங்கும் காலிப்பர் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது? திருகுகள் நேராக ஃபோர்க்குக்குள் இறங்கினால் அது போஸ்ட் மவுண்ட்; இரு துளைகளுக்கும் இடைவெளி 74 மில்லிமீட்டர். பக்கவாட்டில் குறுக்கே போனால் ஐ.எஸ். மவுண்ட்; இடைவெளி 51 மில்லிமீட்டர். ஒன்றுக்கானதை மற்றொன்றில் பூட்ட அடாப்டர் கிடைக்கும், ஆனால் அது தேவை என்பது வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். ஹப்பையும் பார்க்க வேண்டும். தட்டு ஆறு திருகில் நிற்கிறதா, பல் வைத்த சென்டர் லாக்கா? சென்டர் லாக் ஹப்பில் அடாப்டர் போட்டு ஆறு திருகுத் தட்டை மாட்டலாம். ஆறு திருகு ஹப்பில் சென்டர் லாக் தட்டை மாட்ட வழி தேடுவது வீண் அலைச்சல்.

தட்டின் அளவுதான் அடுத்த கேள்வி. கிராஸ் கன்ட்ரி சைக்கிள்கள் பலவும் 160 மில்லிமீட்டர் தட்டோடு வருகின்றன. எடை குறைவு என்பதால் பந்தய வீரர்களுக்கு அது பிடிக்கும். இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடியில் 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியாகவும் அது அமைந்ததால், 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இடம்பெறும் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் நம் மலையடிவாரத்துக்கே வந்து சேர்ந்தது. ஆனால் சுமார் ஒன்றரை மணி நேரப் பந்தயத்தில் கிராம் கணக்குப் பார்க்கும் வீரரின் தேவை வேறு. ஞாயிற்றுக்கிழமை பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் தொடர்ந்து இறங்குபவரின் தேவை வேறு.

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் நாலு லட்சம் ஜூலுக்கு மேல். ஒன்றேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். எதிர்க்காற்றும் டயரும் ஏற்றுக்கொள்ளும் பங்கு போக, மிச்சச் சூடு முழுவதும் தலா நூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள இரண்டு எஃகுத் தட்டுகள் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் இங்கே ஓட்டுபவருக்கு முன்னால் 180, பின்னால் 160 என்பதே சரியான பொருத்தம். ஃபோர்க் எவ்வளவு பெரிய தட்டைத் தாங்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டு 20 மில்லிமீட்டர் அடாப்டரோடு மாட்டலாம்.

கேபிள் இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக்கா, எண்ணெய் அழுத்தும் ஹைட்ராலிக்கா? கேபிள் பிரேக்கை எந்தச் சைக்கிள் கடையிலும் பழுது பார்க்கலாம். அது பெரிய வசதிதான். ஆனால் மழைக்காலத்தில் கேபிள் உறைக்குள் சேறும் துருவும் சேர்ந்து பிடி கனத்துவிடும். மலிவான வகைகளில் ஒரு பக்கப் பேடு மட்டுமே நகரும் என்பதால், தேயத் தேய அடிக்கடி திருகி நெருக்க வேண்டும். ஹைட்ராலிக்கில் பேடு தேய்வதற்கேற்ப பிஸ்டன் தானே முன்னேறிக்கொள்கிறது. ஒரு விரலில் வண்டி நிற்கும். ஷிமானோ எம்.டி.200 போன்ற தொடக்கநிலை ஹைட்ராலிக்கே இந்தப் பாதைகளுக்குத் தாராளம். நாலு பிஸ்டன் காலிப்பர் செங்குத்துச் சரிவில் பாய்பவர்களுக்கானது.

எண்ணெய் விஷயத்தில்தான் இந்தப் பகுதியில் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகள் மினரல் ஆயிலில் வேலை செய்பவை. ஸ்ராமின் பல பிரேக்குகளுக்கு டாட் 5.1 திரவம் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான டாட் திரவம் களியக்காவிளையிலும் நெய்யாற்றின்கரையிலும் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். சைக்கிளுக்கான மினரல் ஆயிலைத் தேடித்தான் போக வேண்டும். அவசரத்துக்குப் பைக் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி "எண்ணெய்தானே" என்று டாட் ஊற்றிக்கொண்டால், மினரல் ஆயில் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிறகு லிவரும் காலிப்பரும் குப்பைக்குத்தான். மாற்றி ஊற்றினாலும் அதே கதி. எந்தத் திரவம் என்று லிவரின் மூடியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். மெக்கானிக்கிடம் அதைக் காட்டிவிட்டுத்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.

டாட் திரவத்துக்கு இன்னொரு குணம் உண்டு: காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1 தரத்தின்படி புதிதில் குறைந்தது 260 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 180 டிகிரி. ஈரப்பதம் நிறைந்த ஊரில் அதை ஆண்டுக்கொருமுறை மாற்றுவது நல்லது. மினரல் ஆயில் ஈரம் உறிஞ்சாது. உள்ளே நீர் புகுந்தால் அது காலிப்பரில் தங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பராமரிப்பில் தவறிப்போகும் சாதாரண ஓட்டுநருக்கு மினரல் ஆயிலே பாதுகாப்பு.

பேடுகளில் பிசின் வகை சத்தமின்றி, தொட்டதும் பிடிக்கும். செம்மண் சேற்றில் சீக்கிரம் கரையும். உலோகத்தூளை அழுத்திச் செய்த சின்டர்டு பேடு முதல் சில விநாடிகள் முனகும், ஆனால் மழையில் நின்று உழைக்கும். ஜூனுக்கு முன் அதற்கு மாறலாம், தட்டு அனுமதித்தால். விலை குறைந்த தட்டுகள் பலவற்றில் பிசின் பேடு மட்டுமே போட வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அவற்றின் எஃகு சின்டர்டு பேடின் உரசலைத் தாங்காது. ஷிமானோ தட்டு புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமன். 1.5 ஆகிவிட்டால் பேடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தட்டை மாற்றியே ஆக வேண்டும்.

முழு செட் வாங்குமுன் ஒன்று: லிவர் சொதசொதவென்று உள்ளே போகிறது என்பதற்காகப் பிரேக்கையே தூக்கிப்போட வேண்டியதில்லை. காற்று புகுந்திருக்கலாம்; ஆயில் பிளீடிங் செய்து அதை வெளியேற்றி, புதுப் பேடு போட்டாலே பல பிரேக்குகள் பிழைத்துக்கொள்ளும். சங்கிலிக்கு அடித்த ஸ்ப்ரே தட்டில் பட்டதால் பிடிக்காமல் போன பிரேக்குகளும் நிறைய. தட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேடை மாற்றிவிட வேண்டும்.

புது செட்தான் என்று முடிவானால், எந்தக் கை லிவர் முன் பிரேக்குக்கு என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பழகிய கைக்கு வலதுதான் முன் பிரேக். இடது லிவரில் முன் பிரேக் வைத்து எண்ணெய் நிரப்பி வரும் செட்டுகளும் விற்பனையில் உண்டு. அவற்றை மாற்றிப் பூட்ட ஹோஸைக் கழற்றி மறுபடி பிளீடிங் செய்ய வேண்டியிருக்கும். பூட்டிய பிறகு வண்டி கூட்டமில்லாத சாலையில் வேகமெடுத்து, முழுதாக நிற்காமல் சீராக வேகம் குறைத்து, இருபது முறையாவது முன்னும் பின்னும் தனித்தனியே பிடித்துப் பழக்க வேண்டும். பேடின் மெல்லிய படலம் தட்டில் சமமாகப் படிந்த பிறகுதான் பிரேக்குக்கு முழுப் பிடிப்பு வரும். அதற்கு முன் வண்டியை இறக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.