உயிர் காக்கும் துணிக்கொடி

இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கும் மலைத்தொடர் கண்ணுக்கு இனியது. ஆயினும் ஆபத்து நிறைந்தது. அய்யனார் கோவில் அருவிக்கும் செண்பகத்தோப்புக்கும் விடுமுறை நாள்களில் குடும்பமாகச் செல்வோர் பலர். மலையுச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்போருக்குப் புலப்படுவதில்லை. சரிவு செங்குத்தானதால், சிற்றோடையும் சிறிது நேரத்தில் காட்டாறாகிவிடும். 2015ஆம் ஆண்டு மே மாதம் சதுரகிரி மலையில் இவ்வாறு திடீரெனப் பெருகிய வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைப் பறித்தது.

இத்தகைய இடங்களில் கைப்பேசி பயன்படாமற் போகலாம். கூக்குரலை நீரின் இரைச்சல் விழுங்கிவிடும். அப்போது கைகொடுப்பது ஒரு வண்ணத் துணியே.

எந்த நிறம் ஏற்றது? பச்சையும் பழுப்பும் காக்கியும் காட்டோடு கலந்துவிடும். சத்திரப்பட்டியில் நெய்யப்படும் காயங்கட்டும் துணியைப் போன்ற வெண்மை, வெயிலில் மின்னும் பாறைக்கும் அருவியின் நுரைக்கும் இடையே மறைந்துவிடும். சிவப்பு, மர நிழலிலும் அந்தியிலும் கறுத்துத் தோன்றும். பளிச்சிடும் ஆரஞ்சு நிறமே சிறந்தது. ஒரு மீட்டர் சதுரத் துணி போதும்; மடித்தால் பைக்குள் அடங்கும்.

வெள்ளம் எட்டாத உயரமான, திறந்த பாறையில் நின்று, துணியைக் கம்பில் கட்டி, அகலமாகவும் மெதுவாகவும் வீச வேண்டும். அசைவே தொலைவிலுள்ளோரின் கண்ணை ஈர்க்கும். ஊதல் இருப்பின் மும்மூன்று முறையாக ஊதலாம். மூன்று என்பது ஆபத்தின் அடையாளம்.

வானிலிருந்து ஹெலிகாப்டர் தேடும்போது, துணியைத் தரையில் விரிப்பதே நலம். ஆங்கில ‘வி’ எழுத்து ‘உதவி தேவை’ என்றும், ‘எக்ஸ்’ எழுத்து ‘மருத்துவ உதவி தேவை’ என்றும் பன்னாடுகளும் அறிந்த குறிகள். எழுத்தின் அளவு இரண்டரை மீட்டருக்குக் குறையலாகாது. ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றை நீளவாக்கில் மடித்து நடுவில் வளைத்தால் ‘வி’ அமைந்துவிடும். காற்றில் பறவாதபடி கற்களை வைக்க வேண்டும். துணியே இல்லையெனில், இரு கைகளையும் மேலே விரித்து உயர்த்துக. ஒரு கையை உயர்த்தி மறு கையைத் தாழ்த்தினால் ‘உதவி தேவையில்லை’ என்றே பொருள். மகிழ்ச்சியில் ஒற்றைக் கையை ஆட்டினால், வந்த உதவியும் திரும்பிச் செல்லக்கூடும்!

வனத்துறையின் தடையை மதிப்பதும், நீர் கலங்கியவுடன் கரையேறுவதும் முதற் காவல். கொடி அதற்கு அடுத்ததே. விளக்கோடு எண்ணெயும் கொண்டு சென்ற ஐந்து கன்னியரை ஆண்டவர் விவேகிகள் என்றார். இறைப் பராமரிப்பை நம்பும் குடும்பம், சோற்று மூட்டையோடு ஒரு துணியையும் எடுத்துச் செல்லட்டும். அதன் பயனைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கட்டும்.