குடும்பப் படங்களுக்கு ஒரு வன்தட்டு



இன்று புத்ராஜெயா நகரம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் பிராங் பெசார் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அங்கே லயங்கள் இருந்தன, கோயில் இருந்தது, பால் நிறுக்கும் ஸ்டோர் இருந்தது. அந்த வாழ்க்கையை இன்று பார்க்க விரும்பினால், அங்கே வாழ்ந்தவர்கள் வைத்திருக்கும் பழைய படங்களில்தான் பார்க்க வேண்டும். 1950களிலும் 1960களிலும் நடந்த தோட்டத் துண்டாடலாலும், பின்னர் வந்த வீடமைப்புத் திட்டங்களாலும் இவ்வாறு இடம் பெயர்ந்த குடும்பங்கள் பல. நிலம் நமக்குச் சொந்தமில்லை; குடியிருந்த வீடும் சொந்தமில்லை. நம்முடையவை என்று எடுத்து வந்த பொருள்களில் கல்யாணப் படங்களும், பிறப்புப் பத்திரங்களும், அடையாள அட்டைகளும் முக்கியமானவை. முன்பு அவை ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. இப்போது பெரும்பாலும் கைப்பேசியில் இருக்கின்றன.

கைப்பேசி காணாமற் போகலாம், மழையில் நனையலாம், குழந்தை கையிலிருந்து கீழே விழலாம். அத்துடன் திருவிழாப் படமும், பேரப்பிள்ளை முதலடி எடுத்து வைத்த காணொளியும் போய்விடும். ஆகவே அவற்றை வேறோர் இடத்திலும் எடுத்து வைப்பது அவசியமாகிறது. அதற்கு ஏற்ற சாதனம்தான் வெளி வன்தட்டு. கடைகளில் 'எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்' என்று கேட்டால் கொடுப்பார்கள். குறைந்த செலவில் நம்பகமான ஒன்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இன்று விளக்கமாகக் காண்போம்.

முதலில் இதனுள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். உள்ளங்கை அளவுள்ள பெட்டிக்குள் வழவழப்பான வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 முறை என்ற வேகத்தில் சுழல்கின்றன. தட்டின்மேல் மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. ஒரு சிறிய முனை தட்டைத் தொடாமல் அதன் மேலே மிதந்தபடி காந்தப் புள்ளிகளாக எழுதவும் படிக்கவும் செய்கிறது. தட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி நம் தலைமயிரின் பருமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. ஆதலால், தட்டு சுழலும்போது பெட்டி கீழே விழுந்தால் முனை தட்டில் உராய்ந்து காயம் உண்டாக்கிவிடும். அந்த இடத்தில் எழுதப்பட்டிருந்தது அழிந்து போகும்.

1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் முதன்முதலாக விற்ற வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் அடங்கியதோ ஐம்பது இலட்சம் எழுத்துகள் மட்டுமே. நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்திற்கே இன்று ஏறக்குறைய அவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது!

இப்போது வாங்கும் வேலைக்கு வருவோம். எவ்வளவு பெரியது வேண்டும் என்பதே முதற் கேள்வி. கொள்ளளவு டெராபைட் என்ற அளவால் குறிக்கப்படுகிறது. ஒரு படத்திற்கு 5 மெகாபைட் என்று கணக்கிட்டால், ஒரு டெராபைட்டில் இரண்டு இலட்சம் படங்கள் அடங்கும். காணொளிகள் இதைவிட மிகுதியான இடத்தைப் பிடிக்கும். எனினும் ஒரு சாதாரணக் குடும்பத்திற்கு ஒன்று அல்லது இரண்டு டெராபைட் தாராளமாகப் போதும்.

விலையை ஒப்பிடும்போது மொத்த விலையை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு டெராபைட் 240 வெள்ளி, இரண்டு டெராபைட் 320 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் டெராபைட்டுக்கு 240 வெள்ளி. இரண்டாவதில் 160 வெள்ளிதான். பெட்டி, மோட்டார், மின்சுற்று ஆகியவற்றின் செலவு சிறியதற்கும் பெரியதற்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே இதற்குக் காரணம். ஆனால், தேவையில்லாத கொள்ளளவு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வீண் செலவே. மேலும், இவற்றின் விலை ஏறி இறங்கும் தன்மையுடையது. 2011ஆம் ஆண்டில் தாய்லாந்தில் பெருவெள்ளம் ஏற்பட்டு அங்கிருந்த வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகெங்கும் விலை உயர்ந்தது. எனவே, இரண்டு மூன்று கடைகளில் விசாரித்த பிறகே வாங்க வேண்டும்.

எந்தப் பெயர் போட்டது நல்லது என்று பலர் கேட்பதுண்டு. பெட்டியின் மேல் பல பெயர்கள் இருக்கலாம். ஆனால், சுழலும் தட்டு வகையை இன்று உலகில் செய்பவை மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. வெஸ்டர்ன் டிஜிட்டல் நம் நாட்டின் பெட்டாலிங் ஜெயாவிலேயே தொழிற்சாலை வைத்திருந்தது; 2019ஆம் ஆண்டு முடிவுக்குள் அதை மூடுவதாக 2018இல் அறிவித்தது. வேறு பெயருடைய பெட்டியை வாங்கினாலும் அதனுள் இருக்க வேண்டியது இம்மூன்றில் ஒன்றின் தட்டுதான். ஆகையால் பெயருக்காகவும் அலங்காரத்துக்காகவும் அதிக வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை. பொருள் புதியதுதானா, உண்மையானதுதானா என்று பார்ப்பதே முக்கியம்.

ஏனெனில், இந்தப் பொருளில் ஏமாற்று அதிகம். இணையக் கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும் '16 டெராபைட்' என்று எழுதிய சின்னஞ்சிறு பெட்டிகள் சில பத்து வெள்ளிக்கு விற்கப்படுவதைக் காணலாம். அவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டு ஒட்டப்பட்டிருக்கும். கணினியிடம் தன் கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். பத்துக் காலன் என்று எழுதிய வாளியில் ஒரு காலன்தான் கொள்ளும் என்றால், மீதிப் பால் மண்ணில் கொட்டிவிடும் அல்லவா? அதனை நாம் உடனே கண்டுவிடுவோம். இங்கேயோ படங்கள் ஏறுவதுபோலவே தோன்றும். பெயர்ப் பட்டியலும் தெரியும். ஒரு வருடம் கழித்துத் திறக்கும்போதுதான் படம் இல்லை என்பது தெரியவரும். மற்றவற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்றால், அது மலிவு அன்று. மோசடி என்று கொள்ளலாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய தட்டுகளைப் புதுப் பெட்டியில் அடைத்துப் புதியது என்று விற்பார்கள். லாரி எத்தனை மைல் ஓடியது என்பதை மீட்டர் காட்டுவதுபோல, வன்தட்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கும் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளால் அதைப் பார்க்கலாம். புதியதில் அந்த எண் பூஜ்யமாகவோ மிகச் சிறியதாகவோ இருக்க வேண்டும். கொள்ளளவு உண்மைதானா என்று சோதிப்பதற்கு 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வன்தட்டு முழுவதையும் நிரப்பி, மீண்டும் படித்துப் பார்த்து அது விடை சொல்லும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையைத் தயங்காமல் ஒப்படைக்கலாம். பெட்டி காலியாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்து வைப்போம். ஒரு டெராபைட் என்று வாங்கியது கணினியில் 931 என்று காட்டும். கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். ஒரே மீனைக் கட்டிக் கணக்கில் நிறுத்தால் ஓர் எண்ணும், கிலோவில் நிறுத்தால் வேறோர் எண்ணும் வருவது பெரியவர்களுக்குத் தெரியும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணினி 1024, 1024ஆக எண்ணுகிறது. பொருள் ஒன்றுதான்.

வெளி வன்தட்டுகளில் இரண்டு அளவுகள் உண்டு. சிறியது கம்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பெரியதைத் தனியாக மின்சாரத்தில் செருக வேண்டும். வீட்டு உபயோகத்திற்குச் சிறியதே வசதி. இவையன்றி, சுழலும் தட்டே இல்லாத 'எஸ்எஸ்டி' என்ற வகையும் இருக்கிறது. கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது, வேகமும் அதிகம். ஆனால், டெராபைட்டுக்கு அதன் விலை கூடுதல். கெட்டுப் போகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றித் திடீரென்று கெடும். மின்சாரம் காட்டாமல் நெடுங்காலம் பூட்டி வைத்தாலும் அதில் உள்ளவை மெல்லக் குலையக்கூடும். எப்போதும் பையில் எடுத்துச் செல்லும் கல்லூரி மாணவருக்கு எஸ்எஸ்டி பொருந்தும். அலமாரியில் வைத்துப் பாதுகாக்கும் குடும்பத்திற்குச் சுழலும் தட்டே சிக்கனமானது.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் கைப்பேசியிலேயே வன்தட்டை இணைக்க முடியுமா என்று கேட்கலாம். பல கைப்பேசிகளில் முடியும், சிலவற்றில் முடியாது. சுழலும் தட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சில கைப்பேசிகளால் கொடுக்க இயலாது. ஆகவே, தங்கள் கைப்பேசியைக் கடைக்கு எடுத்துச் சென்று, கடைக்காரர் முன்னிலையிலேயே இணைத்து, ஒரு படத்தை மாற்றிப் பார்த்த பிறகு வாங்குவது நல்லது. ரசீதையும் கேட்டுப் பெற வேண்டும். உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் எங்கே கொண்டு போக வேண்டும் என்பதையும் விசாரிக்க வேண்டும். இதில் ஒன்றை மறக்கக் கூடாது: உத்தரவாதம் பெட்டிக்கு மட்டுந்தான். பழுதானால் புதுப் பெட்டி கொடுப்பார்கள்; அதில் இருந்த படங்களைக் கொடுக்கமாட்டார்கள்.

நேயர்களே, இதுவரை சொன்ன யாவற்றையும் பார்த்து வாங்கினாலும், ஒரு வன்தட்டு என்றாவது ஒரு நாள் கெட்டே தீரும். இலட்சக்கணக்கான வன்தட்டுகளை ஓட்டிவரும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. 2023இலும் 2024இலும் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை கெட்டதாக அது காட்டுகிறது. அவை குளிர்ந்த அறையில், அசையாமல், ஆட்களின் மேற்பார்வையில் ஓடுபவை. அப்படியிருந்தும் இந்த நிலை! நூறு வீடுகள் உள்ள ஒரு தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு வன்தட்டு இருந்தால், வருடத்திற்கு ஒன்றிரண்டு வீடுகளாவது எல்லாப் படங்களையும் இழக்கும் என்று இதற்குப் பொருள்.

இதற்கு ஒரே பரிகாரம், இரண்டு பிரதி வைப்பது. இரண்டும் ஒரே சமயத்தில் தாமாகக் கெடுவது மிக மிக அரிது. ஆதலால், கையில் உள்ள பணத்தை ஒரே பெரிய வன்தட்டில் போடுவதைவிட இரண்டு சிறிய வன்தட்டுகளாக வாங்குவதே புத்திசாலித்தனம். அதற்கு வசதியில்லையென்றால், ஒரு வன்தட்டு வாங்கி, படங்களைக் கைப்பேசியிலிருந்து அழிக்காமலே வைத்திருக்கலாம். வன்தட்டுக்கு ஏற்றிவிட்டோம் என்று கைப்பேசியில் இருப்பதை அழித்துவிட்டால் மீண்டும் ஒரே பிரதிதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மிக முக்கியமான சிலவற்றை இணையத்திலும் ஏற்றி வைக்கலாம். கூகுள் 15 கிகாபைட் வரை இலவசமாகத் தருகிறது. அதற்கு மேல் கட்டணம் கட்ட வேண்டும். தோட்டப்புறத்தில் இணைய வசதியும் எல்லா இடத்திலும் சீராக இல்லை.

இரண்டாவது வன்தட்டை அதே வீட்டில் வைப்பதில் முழுப் பயன் இல்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அலமாரியில் இரண்டு இருந்தாலும் வெள்ளத்தில் இரண்டும் போகும். மகளைக் கட்டிக் கொடுத்த ஊரிலோ, அண்ணன் தம்பி வீட்டிலோ ஒன்றைக் கொடுத்து வைக்கலாம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒன்றுகூடும்போது அதைக் கொண்டுவரச் சொல்லி, புதிய படங்களை ஏற்றி, பழையவை திறக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளலாம். அடையாள அட்டைப் பிரதிகளும் அதில் இருப்பதால், நம்பிக்கையானவரிடம், பூட்டிய இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும்.

பராமரிப்பு முறைகள் சில உண்டு. சுழலும்போது வன்தட்டை அசைக்கவோ, மேசை ஓரத்தில் வைக்கவோ கூடாது. கம்பியைச் சட்டென்று பிடுங்காமல், கணினியில் வெளியேற்றும் கட்டளை கொடுத்த பின்னரே எடுக்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் கணினியோடு இணைத்து வைக்கக் கூடாது. நம் நாட்டின் ஈரக் காற்று இதற்கு ஆகாது. ஆகவே, இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் வைக்கலாம். 'டக், டக்' என்ற ஓசை கேட்டாலோ, திறக்க வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தாலோ, அது எச்சரிக்கை. படங்கள் திறக்கும் நிலையில் இருந்தால் முக்கியமானவற்றை உடனே வேறிடத்திற்கு மாற்றிவிட்டு, அதன் உபயோகத்தை நிறுத்திவிட வேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்கவே கூடாது. ஒரு தூசி போதும் தட்டைக் கெடுக்க.

வன்தட்டு வந்து சேர்ந்ததும் எதை முதலில் அதில் ஏற்றலாம்? தாத்தா பாட்டியின் பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, திருமணப் பத்திரம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் தெளிவாகப் படமெடுத்து முதலில் ஏற்றலாம். மூலப் பத்திரத்திற்கு அது ஈடாகாது. ஆனால், மூலம் தொலைந்தால், அதிலுள்ள எண்ணையும் தேதியையும் காட்டித் தேசியப் பதிவிலாகாவில் விசாரிக்க உதவும். அடுத்து, பூஞ்சணம் பிடித்துவரும் பழைய ஆல்பத்தின் படங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று பெரியவர்களைக் கேட்டு அதனுடன் எழுதி வைக்க வேண்டும். வன்தட்டு கெட்டால் இன்னொன்று வாங்கலாம். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.