குட்டைக் கால் போயிங்

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். மாலையில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் மேலேறியதுமே ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பேர். உடனே இறங்காமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமடித்தது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த தமிழ்நாடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எட்டேகால் மணி வாக்கில் பத்திரமாகத் தரை தொட்டது.

ஏன் அத்தனை நேரம்? ஷார்ஜா வரை போக நிரப்பிய எரிபொருளின் கனம். அந்தக் கனத்தோடு இறங்கினால் சக்கரங்களும் ஓடுபாதையும் தாங்குவது சிரமம். பெரிய விமானங்கள் சில எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும். இது போயிங் 737. அதற்குக் கொட்டும் வசதியே கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே விமான நிலையம் இல்லை. அங்குள்ள வேடசந்தூரிலிருந்தோ நத்தத்திலிருந்தோ வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போயாக வேண்டும். அந்த நிலையங்களில் அவர் ஏறும் விமானம் பல நேரம் இந்த 737 குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும். அதன் கதை அவர் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குப் பறக்க, இரண்டு இன்ஜினோடு ஒரு சின்ன ஜெட். 1960களில் போயிங் போட்ட கணக்கு இதுதான். 1967 ஏப்ரல் 9-இல் முதல் 737 பறந்தது. ஜெர்மனியின் லுஃப்தான்சா முதல் வாடிக்கையாளர். பழைய 707-இன் அகலத்தையே வைத்துக்கொண்டதால் வரிசைக்கு ஆறு பேர் உட்காரலாம். ஏணியும் தூக்கு எந்திரமும் இல்லாத சிறிய ஊர்களை மனதில் வைத்துக் கால்களைக் குட்டையாக்கினார்கள். ஆள் தரையில் நின்றபடியே பெட்டிகளை ஏற்றலாம். முதல் வடிவமான 737-100 முப்பதுதான் விற்றது. சற்று நீட்டிய 737-200 தான் உலகெங்கும் பரவியது.

1970களின் தொடக்கத்தில் அது இந்தியன் ஏர்லைன்ஸ் வழியாக நம் வானுக்கு வந்தது. 1973 மே 31 இரவு, சென்னையிலிருந்து டெல்லி போன 737-200 ஒன்று புழுதிப்புயலில் பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி விழுந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும், கோவை எம்.பி.யும் கம்யூனிஸ்ட் தலைவருமான கே. பாலதண்டாயுதமும் அந்த ஒரே இரவில் போனார்கள். தமிழக அரசியலுக்கு அது பேரிழப்பு.

குட்டைக் கால் பிறகு சிக்கலானது. எரிபொருளை மிச்சம் பிடிக்கும் புதிய இன்ஜின்கள் எல்லாம் பருமனானவை; தாழ்ந்த இறக்கைக்குக் கீழே அடங்காதவை. 1984-இல் பறந்த 737-300-க்கு இன்ஜின் கூட்டின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கிச் சமாளித்தார்கள். அது கெட்டிக்கார வேலை. ஆனால் 2016-இல் பறந்த மேக்ஸ் வகைக்கு இன்னும் பெரிய இன்ஜின்! அதை முன்னே தள்ளி, உயர்த்திப் பொருத்தியதில் சில நேரங்களில் மூக்கு மேலே தூக்கும் இயல்பு வந்தது. மூக்கைத் தானாக அமுக்க ஒரு மென்பொருள் சேர்த்தார்கள். ஒற்றை உணரி தவறான கணக்குக் கொடுத்தாலும் அது மூக்கை அமுக்கிக்கொண்டே இருக்கும். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில், இரண்டு விபத்துகளில் 346 உயிர்கள். விமானிகளின் கையேட்டில் அந்த மென்பொருளைப் பற்றி விளக்கம் எதுவும் இல்லாமல் விமானத்தை விற்றது மன்னிக்க முடியாத குற்றம். புதிய பயிற்சிச் செலவு இல்லை என்று வாங்குவோரிடம் சொல்வதற்காக மறைக்கப்பட்ட உண்மை அது.

2019-இல் மேக்ஸுக்குத் தடை போட்ட இந்தியா, மென்பொருள் திருத்தப்பட்டபின் 2021 ஆகஸ்டில் அனுமதித்தது. அடுத்த ஆண்டு ஆகாசா ஏர் மேக்ஸோடுதான் தொடங்கியது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் இப்போது மேக்ஸ் ஓட்டுகிறது.

நம் வானில் இண்டிகோவின் ஏர்பஸ் 320-களும் நிறையப் பறக்கின்றன. இரண்டையும் பிரித்தறிவது எளிது. மேலேறும்போது அடிவயிற்றைப் பாருங்கள். 737-இல் பின்சக்கரங்களை மூடும் கதவு கிடையாது. மடங்கிய பிறகும் இரண்டு கறுப்பு வட்டங்கள் வெளியே தெரியும். இன்ஜின் கூட்டின் பின்விளிம்பு ரம்பப்பல் போல இருந்தால் அது மேக்ஸ்.