மலை ஏறினால் பிளக் ஏன் கறுக்கிறது?

கம்பளைக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து பதினாறு வயதுத் தம்பி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கொப்பித் தாளில் மூன்று பக்கம், ஓரத்தில் ஒயில் பட்ட விரலடையாளம். வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இடையில் எத்தனை தரம் எடுத்துப் படித்தேன் என்று கணக்கில்லை.

மாமாவின் ஹொண்டா சி50 மோட்டார் சைக்கிளில் என்ஜின் தேய்ந்துபோய்விட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய சி90 என்ஜின் ஒன்றைக் காபரேட்டரோடு வாங்கி வந்திருக்கிறார்கள். அதைத் தம்பி தனியாளாகப் பொருத்திவிட்டார். ஹொண்டாவின் இந்தக் கிடை என்ஜின் குடும்பத்தில் சட்டத்தோடு சேரும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். பாரமும் ஓர் ஆள் தூக்கக்கூடியதுதான். அவர் பலாமரக் கிளையில் கயிறு கட்டி இறக்கினாராம். மினக்கெட்டது வயரிங்கில்தான். சட்டம் 6 வோல்ட் காலத்தது, என்ஜின் 12 வோல்ட் காலத்தது. ஒரு பல்பையும் இரண்டு துண்டு வயரையும் வைத்துக்கொண்டு எந்த வயர் எங்கே போகிறது என்று இரண்டு நாள் தேடிப் படமாக வரைந்திருக்கிறார். அந்தப் படமும் கடிதத்தோடு வந்தது. பிழையில்லாத படம்.

கம்பளையில் வண்டி நன்றாக ஓடுகிறது. மாமா மரக்கறி விசயமாகப் புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறினால் மட்டும் இழுவை குறைகிறது, புகை வருகிறது, பிளக்கைக் கழற்றினால் கரிக்கட்டை போல இருக்கிறது. அங்கேதான் தம்பி கேட்கிறார்: “மேல போகப் போக காத்து குறையும்னு படிச்சிருக்கோம். காத்து குறைஞ்சா காபரேட்டர் உறிஞ்சிற பெற்றோலும் குறையணும்தானே சேர்? அப்புறம் ஏன் பெற்றோல் கூடின மாதிரி பிளக் கறுக்குது?”

இருபத்தைந்து வருடம் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். இந்தக் கேள்வியை வகுப்பில் ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

தம்பி நினைத்ததில் பாதி சரி. மேலே போனால் காபரேட்டர் உறிஞ்சும் பெற்றோலும் குறையத்தான் செய்கிறது. ஆனால் காற்று குறைகிற அளவுக்குக் குறைவதில்லை. காபரேட்டரின் ஒடுங்கிய தொண்டையில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அமுக்கம் குறைகிறது, அந்தக் குறைவு கீழே கிண்ணத்திலிருக்கும் பெற்றோலை ஜெட் என்னும் சிறு துளை வழியாக மேலே இழுக்கிறது. இழுக்கிற அந்த அமுக்க வித்தியாசம் காற்றின் அடர்த்திக்கு நேராகக் குறையும். பெற்றோல் பாய்கிற அளவோ அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். சூட்சுமம் முழுவதும் அந்த வர்க்கமூலத்தில் இருக்கிறது. கண்டியும் கம்பளையும் கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குக் கிட்ட. நுவரெலியா 1,868 மீற்றர். குளிரையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அங்கே ஏறும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. பெற்றோலோ பதினாறில் ஒரு பங்குதான் குறைகிறது. மிஞ்சுகிற பெற்றோல் எரியக் காற்றில்லாமல் கரியாகிப் பிளக்கில் படிகிறது.

ஒரு லீற்றர் பெற்றோல் ஒழுங்காக எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். ஒரு போத்தலுக்கு ஓர் அறை நிறையக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தம்பி, கடிதத்தை மூன்றாம் முறை படிக்கும்போதுதான் என் கண்ணில் ஒன்று பட்டது. கணக்குப்படி நுவரெலியா ஏறினால் கலவையில் பெற்றோலின் பங்கு ஏழு வீதம் அளவே கூடும். சரியாக வைத்த காபரேட்டர் ஏழு வீதத்துக்காகப் பிளக்கைக் கரிக்கட்டை ஆக்காது. அப்படியென்றால் கம்பளையிலேயே உங்கள் என்ஜின் பெற்றோல் அதிகமாகத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. மலை அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். காரணம் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. “ஜெட் அடைச்சிருந்திச்சு, ஒரு கராஜ்ல குடுத்து கம்பி விட்டு கிளீன் பண்ணி எடுத்தோம்.”

இதை வாசிக்கும் எல்லோரும் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். ஜெட் பித்தளையால் ஆனது. கண்டி வீதியில் பிலிமத்தலாவையில் குத்துவிளக்கு விற்கும் கடைகளுக்குள் போய்ப் பாருங்கள், உளி பட்ட இடத்தில் பித்தளை எவ்வளவு இலகுவாக வழிவிடுகிறது என்று தெரியும். தம்பி, நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் 75 என்ற ஜெட் எண்ணுக்குத் துளை ஏறத்தாழ 0.75 மில்லிமீற்றர். எஃகுக் கம்பியை விட்டுக் குடைந்து அது 0.80 ஆகிவிட்டது என்று வையுங்கள். கூடியது ஒரு மெல்லிய தலைமயிர் அளவு. பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் துளை 14 வீதம் பெரிதாகிவிட்டது. நுவரெலியா மலை செய்வதைப்போல இரண்டு மடங்கை ஒரு கம்பித்துண்டு ஒரு நிமிடத்தில் செய்துவிடுகிறது. ஜெட்டைப் பெற்றோலில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. இதைத் தெரிந்தும் அவசரத்துக்குக் கம்பி எடுக்கிற கைகளைப் பார்த்தால் எனக்கு மனது வலிக்கிறது.

காபரேட்டர் என்றால் என் நினைவு எப்போதும் எங்கள் அப்பாவின் மொரிஸ் மைனருக்கே போகும். கட்டுகஸ்தோட்டை வீட்டு முற்றத்தில் ஞாயிறு காலைகளில் அதன் பொனற் திறந்தே கிடக்கும். அதிலிருந்தது எஸ்.யூ. காபரேட்டர். பார்க்க ஒரு சிறிய கூசாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். மற்றக் காபரேட்டர்களில் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு ஜெட், வேகத்துக்கு ஒரு ஜெட் என்று பிரித்து வைப்பார்கள். இதில் எல்லாவற்றுக்கும் ஒரே ஜெட். அதற்குள் கூம்பிப் போகும் ஓர் ஊசி, ஊசியைப் பிடித்தபடி ஒரு பிஸ்டன். என்ஜின் கூடுதலாக மூச்சிழுத்தால் பிஸ்டன் தானே மேலே எழும். காற்றுக்கு வழி அகலும், ஊசியும் கூடவே எழுவதால் பெற்றோலுக்கும் வழி அகலும். என்ஜின் எவ்வளவு கேட்கிறதோ தொண்டை அவ்வளவு திறக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பரம்பரைத் தொழில் சப்பாத்து. எஸ்.யூ. என்பதில் இருக்கிற ‘எஸ்’ ஸ்கின்னர் குடும்பத்தின் பெயர், லண்டனில் பேர்போன லில்லி அன்ட் ஸ்கின்னர் சப்பாத்துக் கடைக்காரர்கள். ஜோர்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1904-05 காலத்தில் இதை உருவாக்கியபோது உள்ளே பிஸ்டன் கிடையாது. தோல் துருத்திதான் இருந்தது! கட்டுகஸ்தோட்டையில் எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. பள்ளிவிட்டு வரும்போது அங்கே நின்று துருத்தி விரிந்து சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதே துருத்திதான், ஆனால் வேலை தலைகீழ். பட்டறையில் துருத்தி காற்றைத் தள்ளும். ஸ்கின்னரின் காபரேட்டரில் காற்றின் இழுவை துருத்தியைத் தூக்கும். தோலை அறிந்த வீட்டுக்காரர் கைக்கு எட்டிய பொருளை எடுத்திருக்கிறார். தோல் இருந்த இடத்துக்கு உலோகப் பிஸ்டன் வந்தது பின்னாளில்.

அப்பா கலவையைப் பார்க்கும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. என்ஜின் நன்றாகச் சூடேறியதும் காபரேட்டரின் பக்கத்தில் இருக்கும் சின்ன முனையை நகத்தால் மேலே தள்ளுவார். ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. பிஸ்டன் அந்தளவு எழும்போது சற்றுக் கூடுதல் காற்று உள்ளே போகும். தலையைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். இருமி நிற்கப் பார்த்தால் பெற்றோல் போதாது. ஒரு கணம் ஏறிப் பழையபடி அடங்கினால் சரி. சரியில்லையென்றால் கீழே உள்ள ஆறுபட்டை நட்டை ஒரு பட்டை மட்டும் திருப்புவார், மறுபடி கேட்பார். மேலே மூடியைத் திறந்து அம்மாவின் தையல் மெஷின் ஒயிலைச் சில சொட்டு விடுவார், பிஸ்டன் துள்ளாமல் நிதானமாக எழ. எனக்கு எட்டு வயதானபோது முனையைத் தள்ளும் வேலையை என்னிடம் தந்துவிட்டு “என்ன கேக்குது?” என்று கேட்டார். நான் பிழையாகச் சொன்னால் ஏசமாட்டார். இன்னொரு தரம் தள்ளச் சொல்வார்.

காபரேட்டரோடு இப்படிப் பேசிப் பிழைத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் துளித்துளியாக எண்ணிப் பாவிக்கும் பொருளானது. மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது, பற்றாது. அதனால் சில சொட்டுப் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வித்தையை ஒழுங்கைக்கு ஒழுங்கை செய்து பழகியவர்களில் பள்ளிப் பையன்களும் இருந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 வரை தனியார் வாகனங்கள் வராமலிருந்த ஐந்து வருடமும் இந்த நாட்டின் பழைய வண்டிகளை ஓடவைத்ததும் இப்படிப்பட்ட கைகள்தான்.

கடிதத்தின் கடைசி வரிகள் என்னை வருத்தின. ஓ.எல். படிக்கிற வயதில் கையில் கிரீஸோடு நிற்கிறாய் என்று வீட்டில் ஏச்சாம். தம்பியின் அப்பா அம்மாவுக்கு நான் பணிவோடு சொல்ல விரும்புவது இதுதான். வர்க்கமூலம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அது காபரேட்டருக்குள்ளும் இருக்கிறது என்று கண்டு கேள்வி கேட்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறது. ஏசாதீர்கள். கந்தோர் வேலை கிடைத்தால்தான் மரியாதை என்ற எண்ணம் நம் தோட்டப் பிள்ளைகள் எத்தனையோ பேரின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. மொரட்டுவையில் இருக்கும் இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் 1959ஆம் ஆண்டிலிருந்து மோட்டார் தொழில் கற்பிக்கிறது. உங்கள் பக்கத்திலேயே பேராதனையில் பொறியியல் பீடம் இருக்கிறது. இரண்டு பாதையும் இந்தப் பிள்ளைக்குத் திறந்திருக்கின்றன, பரீட்சையையும் எழுதிவிட்டால்.

தம்பிக்கும் கண்டிப்பாகச் சில சொல்ல வேண்டும். என்ஜின் மாறியிருக்கிறது, பதிவுப் புத்தகத்தில் பழைய என்ஜின் இலக்கம் இருக்கிறது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை மாற்ற மாமாவிடம் சொல்லுங்கள், விற்பனைச் சீட்டைத் தொலைக்க வேண்டாம். லைசன்ஸ் எடுக்கும் வயது வரும்வரை நீங்கள் வீதியில் ஓட்ட வேண்டாம். காபரேட்டரை வீட்டுக்குள் கழற்றவும் வேண்டாம். எங்கள் வீட்டு விறாந்தையில் ஒருமுறை மிதவை இறுகிப் பெற்றோல் வழிந்து, சுவாமிப் படத்து விளக்குவரை போய்விட்டது. சாக்கைப் போட்டு மூடி அணைத்த அம்மாவின் கையில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

இனிச் செய்ய வேண்டியது. குடைந்த ஜெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய 75 ஒன்று வாங்குங்கள். எயார் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். எயார் ஸ்குரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருப்பி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து அங்கிருந்து காதால் கேட்டு வையுங்கள். உங்கள் காபரேட்டரில் அந்த ஸ்குரூ எயார் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்பக் காற்றுக் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் பெற்றோல் கூடும், குழம்பிவிடாதீர்கள். பிறகு மாமாவோடு பின்னால் ஏறிப் போய், றம்பொடையில் நிறுத்தி, சூடு ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெற்றோல் போதவில்லை, அப்படியே தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் தாங்காது.

என்ன நிறம் என்று எழுதுங்கள். பிளக்கைப் படம் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது.