வளை நெகிழாத் துயர்

நம் அகப்பாட்டுக்களில் துயருறும் தலைவி மெலிகின்றாள். தோள் வாடுகின்றது, நெற்றியிற் பசலை படர்கின்றது, கைவளை நெகிழ்ந்து வீழ்கின்றது. வளை கழல்வதைக் கண்ட தோழியும் தாயும் அவள் உள்ளத்து நோயை உணர்ந்துகொள்கின்றனர். முப்பது ஆண்டுகளாக இதனை மாணவர்க்கு விரித்துரைத்து வருகின்றேன். துயர் என்றால் மெலிவு, மெலிவு இல்லையேல் துயரும் இல்லை என்னும் எண்ணம் இவ்வாறு நம் மனத்தில் ஆழ வேரூன்றிவிட்டது. கவிதைக்கு அது அழகு, நோயாளிக்கோ தீங்கு. அத்தீங்கைப் பட்டறிந்தவன் ஆதலின் எழுதுகின்றேன்.

மூன்றாண்டுகளுக்கு முன்னர் என் இல்லாள் மறைந்தாள். அதன்பின் வகுப்பில் நின்றால் சொல் வரவில்லை. இரவு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். சோற்றிற் சுவை இல்லை. தங்கை மகன் வற்புறுத்தி உளநல வைத்தியரிடம் அழைத்துச் சென்றான். அவர் மனச்சோர்வு என்று கூறி, மெர்ட்டாசபின் என்னும் மாத்திரையை இரவில் உண்ணுமாறு தந்தார். முதலில் உறக்கம் வந்தது. பின்னர்ப் பசி வந்தது. இறுதியாகத் தமிழும் வந்தது. ஆனால் வந்த பசி அளவில் நிற்கவில்லை. நான்கு மாதத்தில் ஏழு கிலோ ஏறினேன்.

ஆசிரியர் அறையில் ஒரு நண்பர், “பண்டிதர் ஐயாவுக்கு இனி என்ன குறை? கன்னமெல்லாம் வச்சிருச்சே!” என்றார். அவர் அன்பினாற் சொன்னார். ஒரு கலியாண வீட்டிலோ உறவுப் பெண் ஒருத்தி, “பெரியம்மா போன கவலையே பெரியப்பாவுக்குத் தெரியலையே” என்றாள். அச்சொல் என் மனைவிக்கு நான் துரோகம் செய்துவிட்டதாக என்னை எண்ணவைத்தது. அன்றிரவே மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர அணை உண்டு. மழைக்காலத்தில் நீர் நிரம்பி வான்கதவு திறக்கப்படும்போது, கீழே கெசல்கமு ஓயாவின் கரையில் உள்ளோர் விழிப்பாயிருக்குமாறு அறிவிக்கப்படுவர். அணைநீரை அளவறிந்து விடுதல் வேண்டும் என்பதை இவ்வூரில் சிறுபிள்ளையும் அறியும். நானோ, மாதக்கணக்காகத் தாங்கி நின்ற ஒன்றை ஒரே இரவில் அகற்றினேன். இரண்டு மூன்று நாளில் தலைசுற்றலும் எரிச்சலும் உறக்கமின்மையும் வந்தன. மூன்றாம் வாரத்தில், சுண்ணக்கட்டியைக் கையிற் பிடித்தபடி கரும்பலகையின் முன் எழுதவியலாது நின்றேன். பிள்ளைகள் அஞ்சிப்போயினர். மீண்டும் வைத்தியரிடம் சென்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “எடை ஏறுகிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா” என்றார். இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அவ்வொரு வார்த்தையே.

எடைக்கும் இம்மருந்துகளுக்கும் உள்ள உறவு பழையது. 1952-ஆம் ஆண்டில், நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ வைத்தியசாலையில் காசநோயாளருக்கு ஐப்ரோனியாசிட் என்னும் புதுமருந்து கொடுக்கப்பட்டது. மெலிந்து கிடந்தோர் எழுந்து உலவினர், முகம் மலர்ந்தனர், பசி பெருகி எடை கூடினர். நுரையீரலுக்கு என்று கொடுத்தது உள்ளத்தைத் தொட்டதென்று இவ்வாறு தெரியவந்தது. 1957-இல் அது மனச்சோர்வுக்குரிய மருந்தாகப் பேசப்பட்டது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் என்னும் வைத்தியர் இமிப்ரமின் என்னும் மருந்தின் பயனை வெளியிட்டார். ஐப்ரோனியாசிட் ஈரலுக்குக் கேடு செய்ததால் பின்னர்க் கைவிடப்பட்டது. ஆயினும், பசியும் மனமும் ஒருங்கே திரும்பலாம் என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

ஆகவே, எடை ஏறியவுடன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, ஏறியது எவ்வகை எடை என்பதாம். நோயில் இழந்த உடம்பு மீள்வது ஒன்று, அது நலம். மருந்தே பசியைத் தூண்டுவது மற்றொன்று. மெர்ட்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்றவை உடலில் ஹிஸ்டமின் என்னும் பொருளின் தொழிலைத் தடுக்கின்றன. ஒவ்வாமைக்கு உண்ணும் சில மாத்திரைகள் உறக்கம் தருவதும் இதனாலேயே. உறக்கத்தோடு பசியும் மிகும். அமிட்ரிப்டிலின் வாயையும் உலர்த்தும். உலர்ந்த வாய்க்கு இனிப்பான தேநீரையும் சோடாவையும் பருகுவோர் அறியாமலே எடை ஏறுவர். மூன்றாவது, நோயினால் நடமாட்டம் குறைந்தமை. தைரொயிட் சுரப்பி குன்றினாலும் சோர்வும் எடையும் சேர்ந்தே வரும்; ஆதலால் அதற்குரிய இரத்தப் பரிசோதனையைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. மெர்ட்டாசபின், அமிட்ரிப்டிலின், பரொக்செற்றின் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. புளூஒக்செற்றின், செர்ட்ரலின் ஆகியவற்றில் அது பெரும்பாலும் குறைவு. புப்ரோபியன் சிலருக்கு எடையைச் சற்றுக் குறைப்பதும் உண்டு. 2024-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,83,000 பேரின் பதிவுகளைக் கொண்டு எட்டு மருந்துகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆறு மாத முடிவில், செர்ட்ரலின் உண்டோரைவிடப் பிற மருந்துகளை உண்டோரின் எடை வேறுபாடு சராசரியில் அரைக் கிலோவையும் எட்டவில்லை. சராசரிக்குள் என்னைப்போல் மிகுதியாக ஏறுவோரும் இருப்பர், ஏறாதோரும் இருப்பர். எனக்கு முதலில் தந்த மருந்தும் பிழையன்று. உண்ணாமலும் உறங்காமலும் சென்றவனுக்கு அது பொருந்தியதே. உண்ணத் தொடங்கியபின் மாற்றம் வேண்டியிருந்தது. அதைச் சொல்லவேண்டியவன் நான்.

செய்யத்தக்கவை எளியவை. மருந்து தொடங்கும் நாளிலேயே எடையையும் இடையின் சுற்றளவையும் கிளினிக் கொப்பியில் எழுதுவித்தல் வேண்டும். நம் தெற்காசிய மக்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரை இடைச் சுற்றளவு எட்டினாலே எச்சரிக்கை என்பர். மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, இரண்டு மூன்று கிலோ ஏறியதும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். ஏழு கிலோ வரை காத்திருத்தல் ஆகாது.

உணவைப் பற்றி மலையகத்தார்க்குச் சிறப்பாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. உலகுக்குத் தேயிலை தரும் நாம் தேநீரிற் சீனியைக் கொட்டுகின்றோம். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் சீனி மட்டும் 40 கிராம். உலக சுகாதார ஸ்தாபனமோ 25 கிராமுக்குள் நிற்பது நன்று என்கிறது. நான் ஒரு வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்து, வெறுந்தேநீரின் சுவையை ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக அறிந்தேன். காலையிலும் மாலையிலும் கோதுமை ரொட்டி என்றிருந்ததை ஒருவேளையாக்கி, மற்றொரு வேளைக்குப் பயறும் கீரையும் கொண்டேன். மருந்துப் பசி இரவில்தான் பெருகும். ஆகவே இராச்சோற்றைச் சற்று முன்னரே உண்டு, பிஸ்கட் பேணியை அடுப்படியிலிருந்து அகற்றினேன். வாரத்துக்கு 150 நிமிட நடை போதும். எங்கள் படிக்கட்டுக்களில் அதற்குத் தனி மைதானம் வேண்டா. ஆனால் ஒரு எச்சரிக்கை: கொழுந்தெடுக்கும் தாய்மார் காலையில் மருந்து மயக்கத்தோடு ஈரச் சரிவில் ஏறலாகாது. மயக்கம் இருப்பின் மாத்திரை உண்ணும் நேரத்தை வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியதே. அதன் இறுதிக் குறளோ மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களைச் சொல்கின்றது: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன். நான்காவதனை நாம் மறந்துவிட்டோம். துணைசெய்பவன் மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் மட்டும் அல்லன். நோயுற்றவன் உடம்பைப் பற்றி என்ன சொல்வது, என்ன சொல்லாதிருப்பது என்று அறிந்தவனும் அவனே. அக்கலியாண வீட்டில் அப்பெண், “பெரியப்பா, இப்போது நித்திரை வருகிறதா?” என்று கேட்டிருந்தால், நான் மருந்தை நிறுத்தியிரேன்.

வைத்தியர் பல வாரங்களில் பழைய மருந்தைக் குறைத்துப் புதியதை ஏற்றினார். ஏழு கிலோவில் நான்கு ஓராண்டில் இறங்கின. மூன்று என்னோடு தங்கிவிட்டன. அவற்றோடு எனக்குப் பகையில்லை. அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலக் கிளினிக்குகளில் கட்டணம் இல்லை. பேச ஒரு துணை வேண்டுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை அழைக்கலாம்.

இவ்வாண்டும் வளை நெகிழும் பாட்டை வகுப்பில் நடத்தினேன். பாடம் முடிந்தபின் ஒன்று சேர்த்துச் சொன்னேன்: “பிள்ளைகளே, வளை நெகிழாத கைகளும் உண்டு. அவற்றுக்கு உரியவர்களையும் நலமா என்று கேளுங்கள்.” பின்வரிசையில் ஒரு மாணவி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மணி அடித்தபின் அவள் வெளியே செல்லவில்லை.